ஜெபராணியின் குதிகால்

எங்கள் சபையின் பெண்கள் சங்கம் இந்த வருஷம் ஆண்டு மலர் போடுகிறது. நன்றி சொல்ல வேண்டிய ஒரு பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். எல்லோரும் அவரவர் அம்மாவைப் பற்றியும், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் செயலாளர் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாத்தனார்க்காரி தம்பி மனைவியைப் புகழ்கிறாள் என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார். அது உண்மைதான். உடம்பு சரியில்லாதது என் தம்பி ஞானமுத்துவுக்கு.

முதலில் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞானமுத்து சூலூரில் ஆம்னி வேன் ஓட்டினான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மத்தியானம் கல்யாணம், சீமந்தம் என்று கிடைத்த சவாரி. மீசை முளைக்கும் முன்பே ஸ்டியரிங் பிடித்தவன். அவனிடம் ஒரு குணம் உண்டு. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூட மாட்டான். வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போனாலும் சரி, சொந்தக்காரர் காரில் போனாலும் சரி, ஊர் வந்து சேரும்வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பான். முன்னால் ஏதாவது வண்டி நின்றால் இவன் வலது கால் தரையை மிதிக்கும். அங்கே பிரேக் இல்லை என்று அவனுக்குத் தெரியும், அவன் காலுக்குத் தெரியாது. எனக்கும் அந்த வியாதி உண்டு. எங்கள் அப்பாவும் டிரைவர்தான்.

அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் பீளமேட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வேன் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அவர்கள் மகள் கரோலினுக்குப் பெங்களூரில் வேலை, நினைத்தபோது வர முடியாது. நான் ஒரு கல்லூரி விடுதியின் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்ற நேரம். புருஷன் போன பிறகு ஒண்டிக்கட்டை. மூட்டையைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே வந்து இத்தனை நாளாகியும் இருட்டில் என் கை விடுதி அறையின் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அது குணத்துக்கு மட்டுமல்ல, கைகாலுக்கும்தான்.

இனி ஜெபராணி. ஐம்பதைத் தொடப்போகிறவள், குள்ளம், கண்ணாடி போட்டவள். பனியன் கம்பெனியில் பவர் மிஷின் டெய்லர். குழந்தைச் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது அவள் வேலை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. சண்டை போட்டால் திருப்பிச் சண்டை போட வேண்டாமா? சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அப்படிப்பட்டவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஆஸ்பத்திரிக்கு ஆரம்பத்தில் அவளுடைய மொபெட்டில்தான் ஞானமுத்துவைக் கூட்டிப்போனாள். பீஸ் ரேட் வேலை, தைத்த உருப்படிக்குத்தான் கூலி என்பதால் லீவு கேட்டு யார் காலிலும் விழ வேண்டியதில்லை. போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் பாடு. டயாலிசிஸ் முடிந்தால் அவனுக்குத் தலை சுற்றும், உடம்பு துவண்டுவிடும். ஒரு நாள் ஒண்டிப்புதூர் தாண்டி வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். இவள் ஒரு கையால் வண்டியையும் மறு கையால் அவனையும் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டினாள். அன்று பின்னால் லாரி எதுவும் வராதது கர்த்தருடைய கிருபை. பஸ்ஸில் போனால் நிற்க இடமில்லை. வாரம் மூன்று நாள் வாடகைக் கார் கட்டுப்படியாகாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஞானமுத்து ஆஸ்பத்திரிக்கு மட்டம் போட ஆரம்பித்தான்.

"இன்னிக்கு வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பான். அந்த நாளை வரவே வராது. ஒரு தடவை தவறினால் முகம் வீங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம் தனியாகச் சொன்னாள், இப்படியே விட்டால் ஒரு நாள் ஆளே இருக்க மாட்டார் என்று. நான் கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"உங்களையெல்லாம் ரோட்டுல உழுகவெச்சுக் கொன்னுபோட்டு நான் மட்டும் உசுரோட இருக்கோணுமாக்கா?" என்றான்.

அப்போதுதான் ஜெபராணி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "ஏனுங்க, வேன நான் ஓட்டறேனுங்க."

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தெய்வாத்தாள் அப்போது மோர் கொடுக்க வந்திருந்தார். "அம்மணி, அஞ்சுல வளையாதது அம்பதுலயா வளையப்போவுது?" என்று சிரித்தார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் தெய்வாத்தாள் சொன்ன பிறகு நானும் அதையே சொல்வது கௌரவக் குறைச்சல் என்று சும்மா இருந்தேன்.

முதல் வாத்தியார் ஞானமுத்து. ஊருக்கு வெளியே சைட் போட்டு விலை போகாமல் கிடந்த காலியிடத்தில் பாடம் ஆரம்பமானது. நான் பின்சீட்டில்.

"கிளட்ச்ச மெதுவா உடு" என்றான்.

"எவ்வளவு மெதுவாங்க?"

"மெதுவான்னா மெதுவா. உட்டா உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியலீங்களே."

"எனக்குத் தெரியுதே!"

வேன் தவளை மாதிரி குதித்து நின்றது. மறுபடியும் குதித்தது. என் தம்பி போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் இடம் மாறிப் போயின. ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த வித்தை அவன் தலையை விட்டு இறங்கிக் காலுக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. எப்படி நடக்கிறாய் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? வாயில் வராத வித்தைக்குச் சத்தம்தான் வரும்.

ஜெபராணி வண்டியை அணைத்தாள். கீழே இறங்கினாள். "ஏனுங்க, உங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியுதுங்க. சொல்லித்தரத் தெரியலீங்க. நான் வேற எடத்துல படிச்சுக்கறேன்" என்றாள். அவள் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

அப்படித்தான் நஸ்ரியா வந்தாள். சூலூரில் பெண்களுக்கு டிரைவிங் சொல்லித்தரும் பெண். முப்பது வயதிருக்கும். அவளுடைய காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. பின்சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நஸ்ரியா முதல் நாள் கிளட்ச்சைப் பற்றியே பேசவில்லை. "அக்கா, நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டாள். பவர் மிஷின் என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"மிஷின்ல எடுத்தவுடனே வேகமாத் தைப்பீங்களாக்கா?"

"ஐயோ, துணி சுருங்கிப்போயிருமுங்க. மொதல்ல ரெண்டு தையல் மெல்லப் போட்டு, துணி புடிச்சுக்கிட்ட பொறவுதான் மிதிக்கோணும்."

"இங்கயும் அதேதான். வண்டி புடிச்சுக்குதான்னு பாருங்க, புடிச்ச பொறவு மிதிங்க."

கார் நகர்ந்தது. குலுக்கல் இல்லை, குதிப்பு இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த குதிப்பு வரவே இல்லை. ஜெபராணியே கீழே குனிந்து தன் காலைப் பார்த்தாள், யாருடைய கால் என்று கேட்பது போல.

ஸ்டியரிங்கும் அப்படித்தான் வந்தது. வளைவில் அவள் சக்கரத்தை இழுத்து இழுத்துத் திருப்பினாள். "சட்டைக்குக் கை வெக்கறப்ப வளைவுல துணிய இழுப்பீங்களா?" என்றாள் நஸ்ரியா. "இழுத்தா ஊசி ஒடிஞ்சுருமுங்க. வழி காட்டினாப் போதும், துணி தானாப் போவும்." அதற்குப் பிறகு ஸ்டியரிங்கின்மேல் அவள் விரல்கள் துணியில் இருப்பது போலவே இருந்தன. ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது நஸ்ரியாவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டு வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை.

எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. நிறுத்தச் சொன்னால் அழகாக நிறுத்துவாள். ஆனால் நினைக்காத நேரத்தில் நாய் குறுக்கே வந்தால், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நெரிப்பாள். வண்டி நிற்காது. ஒவ்வொரு தடவையும் நஸ்ரியா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக் காப்பாற்றினாள். நெரிப்பது ஏன் என்று எனக்கே புரிந்தது. மொபெட்டில் பிரேக் கையில்தானே இருக்கிறது. ஆனால் கால் என்ன செய்தது என்று யாருக்கும் புரியவில்லை. அவளையே கேட்டால், "மிதிச்ச மாதிரித்தான் இருந்துதுங்க" என்றாள்.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் அந்த அதிகாரியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். நன்றாகத்தான் ஓட்டினாளாம். திடீரென்று "நிறுத்துங்க!" என்றார். ஜெபராணி ஸ்டியரிங்கை நெரித்தாள். கார் தன் பாட்டுக்கு உருண்டு போய் மண்மேட்டில் ஏறி மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. அந்த மனுஷர் நல்லவர். "பிரேக்கு காலுக்குக் கீழ இருக்குதுங்கம்மா. இன்னும் நல்லாப் பழகிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். ஞானமுத்து அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "வேன வித்துப்போடலாம்" என்றான். அந்த வாரம் அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கண் இமை வீங்கிப் பாதி மூடிக்கொண்டது. ஜெபராணி அவன் காலைப் பிடித்துவிட்டாள். விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் ஜெபித்த மாதிரி என் புருஷன் சாகக் கிடந்தபோதுகூட ஜெபித்ததில்லை.

மறுநாள் மத்தியானம் நஸ்ரியாவின் காரில் நான் கம்பெனிக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று ஏற்பாடு. கையில் அவளுக்குத் தூக்குப்போசியில் சோறு. உள்ளே மிஷின்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. ஜெபராணி முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷின் பெண் ஷ்ரவ்யா, "ஜெபராணிக்கா, உங்க காரு வந்திருச்சு!" என்று கத்தினாள்.

மிஷின் டக்கென்று நின்றது.

நஸ்ரியா என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, பாத்தீங்களா?" என்றாள். நான் எதையும் பார்க்கவில்லை. அவள் போய் மிஷின் மேஜைக்கு அடியில் பஞ்சுத் தூசிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, ஓட்டுங்க. இப்ப நிறுத்துங்க. இன்னொரு தடவை" என்றாள். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

அந்த மிஷினுக்கு ஒரே மிதிதான். விரல் பக்கம் அழுத்தினால் ஓடும். குதிகால் பக்கம் அழுத்தினால் நின்று நூலையும் வெட்டிவிடும். ஜெபராணியின் வெறுங்கால் ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கிக் குதிகாலால் ஓங்கி அழுத்தியது. காரிலும் அதைத்தான் செய்திருக்கிறாள். நாய் வந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்துவது என்றால் குதிகால். கால் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, வேறொரு மிஷினுக்கு.

"இத மறக்கவெக்க என்னால ஆகாதுக்கா" என்றாள் நஸ்ரியா. முகமெல்லாம் பஞ்சு. "எத்தன வருஷப் பழக்கம்!"

ஜெபராணி மிதியின்மேல் காலை வைத்தாள். காலை அழுத்திப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி அழுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மறக்க எதுக்குங்க? குதிகால அழுத்துனா வெரலு தானா மேல வந்துருதில்லீங்க? கார்ல அப்ப ஆக்சிலேட்டர விட்டாச்சு. குதிகால எடுக்காம அப்படியே வெரலத் திருப்பி இந்தப் பக்கமா வெச்சா, அங்கதானுங்க பிரேக்கு இருக்குது?"

நஸ்ரியா மேஜைக்கடியிலிருந்து எழுந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டாள். "அக்கா! நாங்க எல்லாருக்கும் சொல்றதே அதுதானுங்க. குதிகால ஊனிக்கிட்டு காலத் திருப்பணும்னு. பாதி வேலைய உங்க கால் எப்பவோ பழகி வெச்சிருக்குது!"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டில் பாடம் ஆரம்பமானது. நாற்காலிக்கு முன்னால் தரையில் இரண்டு செருப்பு. வலப்பக்கச் செருப்பு ஆக்சிலேட்டர், அதற்கு இடப்பக்கம் இருந்தது பிரேக். சொல்லி வைத்துச் செய்தால் பிரயோஜனமில்லை, நினைக்காத நேரத்தில் கத்த வேண்டும் என்று நஸ்ரியா சொல்லியிருந்தாள். கத்துவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் சூலூரில் கிடையாது. ஜெபராணி நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள். நான் அடுப்படியிலிருந்து "நாய்!" என்பேன். குதிகால் ஊன்றும், விரல் எழும், திரும்பும், இறங்கும். கையில் வெங்காயத்தை நெரிக்கக் கூடாது, அது தனிப் பாடம். ஜெபப் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பாள். "பஸ்ஸு!" என்பேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஒரு நாள் நான் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எருமெ!"

ஞானமுத்து. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். ஜெபராணியின் கால் சரியாகத் திரும்பி இடப்பக்கச் செருப்பில் இறங்கியது. கையில் தட்டோடு நின்றிருந்த நான்தான் பயத்தில் தட்டைப் போட்டுவிட்டேன். மூவரும் சிரித்தோம். அவன் சிரித்து அவ்வளவு நாளாகியிருந்தது என்பது சிரித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் மூச்சு வாங்கிப்போய், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும் புள்ள. நீ ஓட்டறதப் பாக்கறதுக்காச்சும் இருக்கோணுமில்ல" என்றான். ஜெபராணி வெங்காயத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று நான் கேட்கவில்லை.

அவளுடைய லைசென்ஸ் வரும்வரை தெய்வாத்தாளின் மகன் பாலுசாமி தன் காரில் கூட்டிப்போய் வந்தார். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வருவார். ஐம்பதில் வளையாது என்று சொன்ன வாய்தான் மகனை அனுப்பியது. அந்தக் குடும்பத்துக்கும் நான் இங்கே நன்றி எழுதிவைக்கிறேன்.

இதற்கு நடுவில் வேறொரு வேடிக்கை நடந்தது. புதுப் பழக்கம் பழைய இடத்துக்குப் போய்விட்டது. கம்பெனியில் மிஷினை நிறுத்த வேண்டிய இடத்தில் ஜெபராணியின் கால் இடப்பக்கம் திரும்பி வெறுந்தரையை மிதித்தது. தையல் நிற்காமல் ஓடிச் சட்டையின் கைவாயை மூடியது. சூப்பர்வைசர் சசிதர் ஒரு கட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க்கா, கை ரெண்டும் மூடியிருக்குது. கொழந்தை இத எப்படிங்க போடும்?"

"போடாதுங்க" என்றாளாம் ஜெபராணி. அவ்வளவுதான் பதில். உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். மிஷினில் எப்போதும் வெறுங்கால்தானே. காருக்கென்று பட்டை வைத்த செருப்பு ஒன்று வாங்கினாள். அந்தச் செருப்பைக் காரில் தவிர வேறெங்கும் போடுவதில்லை. செருப்பு மாட்டியதும் கால் டிரைவராகிவிடும், கழற்றியதும் டெய்லராகிவிடும். கொஞ்ச நாளில் இரண்டும் அடித்துக்கொள்ளாமல் ஒரே காலில் குடியிருக்கப் பழகிவிட்டன. ஒரே வீட்டில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இருக்கப் பழகவில்லையா, அந்த மாதிரி.

இரண்டாம் தடவையும் அதே பிரேக் இன்ஸ்பெக்டர். அதே இடத்தில், "நிறுத்துங்க!" என்றார். கார் நின்றது. அவர் தலை மட்டும் ஒரு தடவை முன்னால் போய் வந்ததாம். "போதுங்கம்மா" என்றார்.

வேனைக் கழுவித் துடைத்து நிறுத்தினோம். எங்கள் அய்யர், அதாவது சபைப் போதகர், வந்து வேனின்மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். ஜெபம் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்த தெய்வாத்தாள், ஆமென் சொன்ன கையோடு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அய்யர் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். ஜெபராணி செருப்பை மாட்டி வேனை நகர்த்தினாள். பழம் நாலும் நசுங்கின, வேன் குலுங்கவில்லை.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை, ஞானமுத்துவின் கால் இருக்கிறதே. அது அவள் பக்கத்து சீட்டில் சும்மா இருக்க மறுத்தது. முன்னால் ஆட்டோ தெரிந்தால் மிதிக்கும். சிக்னல் தெரிந்தால் மிதிக்கும். வாயை மூடிக்கொள்ளக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டான், பாவம். காலை மூட முடியவில்லை. அவன் கால் அசைவதைப் பார்த்து அவள் தோள் இறுகும். ஒரு நாள் சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது அவள் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க மிதிச்சா நிக்காதுங்க. நான் மிதிச்சா நிக்குமுங்க."

"தெரியும் புள்ள" என்றான். "அதுக்குத் தெரியலை" என்று தன் காலைக் காட்டினான்.

திரும்பும் வழியில் அவன் படும் பாடுதான் எனக்குப் பொறுக்காது. உடம்பிலிருந்து ரத்தத்தையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பி ஏற்றிய பிறகு, எலும்பெல்லாம் தூங்கு தூங்கு என்று கெஞ்சும். பாலுசாமியின் காரில் அப்படித்தான் வருவான், முகம் சாம்பலாக, கண்ணை விரித்துக்கொண்டு. வேனிலும் அப்படியே வந்தான். "கண்ண மூடிக்க சாமி" என்று நான் பின்னாலிருந்து எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "ரோட்டப் பாக்காம எப்படிக்கா?" என்பான்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். டயாலிசிஸ் முடிந்து பீளமேட்டிலிருந்து கிளம்பினோம். ஹோப்ஸ் தாண்டிச் சிங்காநல்லூர் வந்து திருச்சி ரோட்டில் ஏறினோம். மழை விட்டு ரோடு பளபளத்தது. ஜெபராணியின் விரல்கள் ஸ்டியரிங்கில் துணிமேல் இருப்பது போல் இருந்தன. நான் பின்சீட்டில் வழக்கம்போல் ரோட்டைக் காவல் காத்துக்கொண்டு வந்தேன்.

ஒண்டிப்புதூருக்கு அந்தப் பக்கம், முன்பு அவன் மொபெட்டிலிருந்து சாய்ந்த இடத்துக்குக் கிட்டத்தில், ஒரு டவுன் பஸ் சிக்னலும் கொடுக்காமல் எங்களுக்கு முன்னால் வெட்டி நுழைந்து டக்கென்று நின்றது.

நான் "ஏசப்பா!" என்று அலறினேன். என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

வேன் நின்றது. பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடம் இருந்தது. எட்டிப் பார்த்தேன். அவள் வலது குதிகால் ஊன்றிய இடத்திலேயே இருந்தது, விரல்கள் திரும்பிப் பிரேக்கின்மேல் இருந்தன. கை நெரிக்கவில்லை.

பிறகு என் தம்பியின் காலைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. பாதம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "ஞானம்!" என்று அவன் தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

ஜெபராணி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைத் தடுத்தாள்.

"அண்ணி, கத்தாதீங்க. தூங்கறாருங்க."

குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. பெல்ட்டில் சாய்ந்து, சின்னப் பிள்ளையாக அப்பாவின் லாரியில் தூங்குவானே, அப்படித் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் பிறகு யார் ஓட்டிய வண்டியிலும் அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. ஜெபராணி, அதற்காகத்தான் இதை எழுதினேன். என் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து உயிரோடு வைத்திருக்கிறாய், அதற்கு ஒரு நன்றி. அவனைத் தூங்கவைத்தாயே, அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் கிளம்பியது. அவள் மெல்ல, துணி பிடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பவளைப் போல, வேனை நகர்த்தினாள். என் கால் மட்டும் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டேன்.